ஏறியவர்களை எண்ணக் கூடாது

1

இன்று ஆடிப் பதினெட்டு. காலையில் கதவைத் திறந்தபோது கடல் வற்றிக் கிடந்தது. கரையோரம் கட்டியிருந்த சம்பான் படகுகள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தன. பெருக்கு நாளில் தண்ணீர் இல்லாத கரையைப் பார்த்துக்கொண்டே தேங்காய்ச் சாதமும் எலுமிச்சம்பழச் சாதமும் கிளறினேன். பினாங்குக் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கும். எந்த மணிக்கு ஏறும், எந்த மணிக்கு இறங்கும் என்று துறைமுக ஆபீஸ் வாசலில் அட்டையில் எழுதித் தொங்கவிடுகிறார்கள். அதற்கு ஆடியும் ஒன்றுதான், ஐப்பசியும் ஒன்றுதான்.

ராஜத்தின் கழுத்தில் மஞ்சள் சரடு கட்டினேன். அவளுக்கு ஆறு வயது, பிறந்தது இங்கேதான். ஏன் கட்டுகிறாய் என்று கேட்டாள். ஊரில் இன்றைக்கு ஆற்றில் புதுத் தண்ணீர் வரும், எல்லாரும் கட்டிக்கொள்வார்கள் என்றேன். சரடை இழுத்துப் பார்த்துக்கொண்டே, "அந்தத் தண்ணியும் உப்பாத்தான் இருக்குமாம்மா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அடுப்பங்கரைக்குள் போய்ச் சும்மா நின்றேன்.

நான் கொள்ளிடத்து ஓடக்காரர் மகள். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, இப்போது பாலம் இருக்கும் இடத்திலிருந்து கிழக்கே இரண்டு மைல் தள்ளி எங்கள் துறை. எங்கள் குடும்பத்தில் பலகையும் பலப்பமும் தொட்ட முதல் ஆள் நான். காவேரிப் பாலம் தாண்டி நடந்து திருச்சினாப்பள்ளிக்குப் போய், கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். இங்கிலீஷ் வாசிப்பேன். இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்கிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

என் வீட்டுக்காரர் அத்தை மகன்தான். பன்னிரண்டு வயதிலிருந்து என் அப்பாவின் ஓடத்தில் கழி ஊன்றியவர். படிப்பு இல்லை. இங்கே ராவுத்தர் ஒருவரின் மோட்டார் லாஞ்சை ஓட்டுகிறார். நங்கூரம் போட்ட கப்பல்களுக்குக் கூலி ஆட்களைக் கொண்டுபோய் விடுவதும், எதிர்க்கரையில் பிறை என்ற ஊரிலிருந்து ஜனங்களை ஏற்றி வருவதும் அவர் வேலை. நாங்கள் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு தடவைகூட ஊருக்குப் போகவில்லை. ராஜத்தை அப்பா பார்த்ததில்லை.

2

பள்ளிக்கூடத்தில் எனக்கு நூறு வரை எண்ண வந்த வருஷம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் இன்னும் ஓயவில்லை. மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து ஜனங்கள் சொர்க்கவாசல் சேவிக்க வடகரையில் வந்து குவிந்திருந்தார்கள். நான் ஓடத்தின் முன்முனையில் உட்கார்ந்திருந்தேன். ஓடம் கரையை விட்டு ஒரு கயிறு தூரம் வந்திருக்கும். எனக்குத் தெரிந்ததை எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்று தோன்றியது. விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணி முடித்து, "இருபத்தாறு பேர்" என்று சத்தமாகச் சொன்னேன்.

அப்பா கழியை மாற்றி ஊன்றி ஓடத்தைத் திருப்பினார். கரையில் எல்லாரையும் இறங்கச் சொன்னார். மூட்டை வைத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். திருமண் இட்ட பெரியவர் ஒருவர் மட்டும் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இறங்கினார்.

"பொண்ணுக்குக் கணக்கு வந்துடுத்து ஓய். இனிமே நாங்க கரையிலேயே நிக்க வேண்டியதுதான்" என்றார்.

அப்பா பலகையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். எல்லாரும் மறுபடி வலது காலை வைத்து ஏறினார்கள். தென்கரை வந்த பிறகுதான் என்னிடம் பேசினார். கரையில் நிற்கிறவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் எண்ணு, ஓடத்தில் ஏறியவர்களை எண்ணாதே, எண்ணிச் சொன்னால் ஆற்றுக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கொடுத்த மாதிரி என்றார். திட்டவில்லை. அதனாலேயே அது மனத்தில் தங்கிவிட்டது.

எண்ணாமல் எப்படி ஏற்றுவார் என்று இங்கே சிலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அப்பாவின் கணக்கு வேறு. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இருக்க வேண்டும். ஆள் ஏற ஏறக் கையைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். சாண் தட்டியதும் போதும் என்பார். அதற்குப் பிறகு தாசில்தார் வந்தாலும் அடுத்த நடைதான். குழந்தையோ, பருத்த ஆளோ, அரிசி மூட்டையோ, எல்லாம் அந்தச் சாணுக்குள் அடங்கும். அப்பா ஓடம் ஒரு நாளும் கவிழ்ந்ததில்லை.

3

இந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பிறையிலிருந்து வந்த ஒரு லாஞ்சு நடுவழியில் கவிழ்ந்தது. எங்கள் ராவுத்தருடையது அல்ல, வேறொருவருடையது. திருவிழாக் கூட்டம் அளவுக்கு மேல் ஏறியிருந்தது. பக்கத்தில் வந்த சம்பான்கள் வளைத்து நின்று பலரைத் தூக்கிவிட்டன. லாஞ்சை ஓட்டிய சிராங்கும் நீந்திக் கரையேறினான். எத்தனை பேர் வந்தார்கள் என்று போலீஸ் கேட்டதற்கு அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. நிறையப் பேர் என்றான்.

தோட்டத்துப் பெண் ஒருத்தி தன் தங்கையும் அதில்தான் வந்தாள் என்று பிறைத் துறையிலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். வந்தாள் என்று ஒருவர் சொன்னார், வரவில்லை என்று ஒருவர் சொன்னார். அந்தத் தங்கைக்காகப் படகுகள் இரண்டு நாள் தேடின. மூன்றாம் நாள் அவள் தோட்டத்திலிருந்து நடந்தே வந்து நின்றாள். காய்ச்சல் என்று லாஞ்சில் ஏறாமலே திரும்பிப் போயிருக்கிறாள். அன்று மத்தியானம் பிறை ஆற்று முகத்தில் ஓர் ஆண் பிணம் ஒதுங்கியது. அந்த ஆள் லாஞ்சில் இருந்ததே யாருக்கும் தெரியாது. அவரை யாரும் தேடவில்லை.

அதற்குப் பிறகுதான் துறைமுக ஆபீஸ் விதிகளை இறுக்கியது. ஒவ்வொரு லாஞ்சின் பக்கவாட்டிலும் நம்பரும், எத்தனை பேர் ஏறலாம் என்பதும் வெள்ளைப் பெயிண்டில் எழுத வேண்டும். எங்களுடையதற்குப் பதினெட்டு. ஓட்டுகிறவன் துரை முன்னால் பரீட்சை கொடுத்துச் சிராங்குக் காகிதம் வாங்க வேண்டும். ஆனி கழிந்த பிறகு காகிதம் இல்லாதவன் சுக்கானைத் தொடக் கூடாது.

ராவுத்தர் இவரைக் கூப்பிட்டுச் சொன்னதை இவர் வந்து அப்படியே என்னிடம் சொன்னார். "காகிதத்தோட வா தம்பி. மூணு மாசம் லீவு. மூணு பேருக்கும் நாகப்பட்டணம் வரைக்கும் டெக் டிக்கெட் என் பொறுப்பு. காகிதம் இல்லேன்னா நீ கயிறு கட்டுற ஆளு. கயிறு கட்டுறவனுக்கு ஏது லீவு?"

அன்றைக்கே என் மனம் நாகப்பட்டணத்தில் ரயில் ஏறிவிட்டது. தஞ்சாவூர் தாண்டி, திருவெறும்பூர் தாண்டி, வலது பக்கம் மலைக்கோட்டை தெரியும் வரை போய்விட்டு வந்தது.

4

விதிகள் எல்லாம் இங்கிலீஷிலும் மலாயிலும் அச்சாகி இருந்தன. நான் உட்கார்ந்து ஒரு கோடு போட்ட நோட்டில் தமிழில் எழுதினேன். மொத்தம் பதினேழு. சாயந்திரம் இவர் குளித்துவிட்டு வந்ததும் பாடம் ஆரம்பிக்கும். இரண்டு தம்ளர்கள் இரண்டு லாஞ்சுகள். தரைதான் கடல்.

இரண்டு லாஞ்சுகள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். இவர் தம்ளரைக் கையில் எடுத்தவர் வைக்கவில்லை. கொள்ளிடத்தில் பாரம் ஏற்றிய ஓடம் நேரே போகும், காலி ஓடம் ஒதுங்கும். பாரத்தோடு வருகிறவனை எதற்கு ஒதுங்கச் சொல்வது என்று கேட்டார். துரை கேட்டால் வலது என்று சொல்லுங்கள், பாரத்தை ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

எஞ்சின் வைத்தது பாய் விரித்ததற்கு வழி விட வேண்டும் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. இது நம் ஊர் நியாயம் என்றார். விளக்குகளில் கொஞ்சம் தடுமாறினார். இருட்டினால் இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. சிவப்பு நெஞ்சு துடிக்கிற பக்கம் என்று தானே ஒரு வழி பிடித்துக்கொண்டார். வலப்புறம் திரும்பினால் ஒரு ஊதல், இடப்புறம் இரண்டு. மிதவை வளையங்கள் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும், கட்டிப் பூட்டி வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் டின் பக்கத்தில் சுருட்டுப் பிடிக்கக் கூடாது. துறை நெருங்கினால் வேகம் குறைக்க வேண்டும்.

தப்பாகச் சொன்னால் நான் விடமாட்டேன். திரும்பச் சொல்லச் சொல்வேன்.

"பிரம்பு எங்க வாத்தியாரம்மா? அதையும் எடுத்துட்டு வந்துடு" என்பார்.

என் புருஷனுக்கு நான் பாடம் சொல்கிறேன் என்பதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அக்கம்பக்கத்துக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பதினோராவது விதி, ஏறியவர்களை எண்ணித் தொகையை மனத்தில் வைத்திருக்க வேண்டும், அதிகாரி கேட்டால் உடனே சொல்ல வேண்டும் என்பது. அதை வாசித்தேன். இவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடுத்தது சொல்லு" என்றார்.

நானும் அடுத்ததைச் சொன்னேன். மற்றப் பதினாறையும் இருபது தடவை சொல்ல வைத்தவள் இதை ஒரு தடவைகூடச் சொல்ல வைக்கவில்லை. அன்றைக்கு அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். அவசரம் ஒன்றும் இல்லை.

5

பரீட்சை மாசி மாதத்தில் நடந்தது. ஆபீஸில் துரை கேட்பதைத் தமிழில் சொல்ல யாழ்ப்பாணத்துக் கிராணியார் ஒருவர் இருந்தார். இங்கே குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். அவர் வீட்டம்மா எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறாள். அதனால் நடந்ததெல்லாம் ஒன்று விடாமல் எனக்கு வந்து சேர்ந்தது.

ஆபீஸ் மேஜையில் கேட்டதற்கெல்லாம் இவர் பிசகாமல் பதில் சொல்லியிருக்கிறார். நெஞ்சுப் பக்கம் சிவப்பு என்று கையை வைத்துக் காட்டியபோது துரையே தலையை ஆட்டினாராம். பிறகு லாஞ்சில் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு, துரையும் கிராணியாரும் ஏறி, கப்பல்கள் நிற்கும் இடம் வரை போயிருக்கிறார்கள். எதிரே வந்த பாய்த் தோணிக்கு வழி விட்டார். ஊதல் ஊதினார். துரை குறிப்புப் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டார். எல்லாம் முடிந்த மாதிரிதான். பிறகு சாதாரணமாக, இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

இவர் குனிந்து விளிம்பைப் பார்த்தார். கையைத் தொங்கவிட்டார். இன்னும் இரண்டு பேர் ஏறலாம் என்றார்.

எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்கவில்லை, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கிராணியார் மறுபடி சொன்னார். இவர் விரல்களை விரித்துச் சாண் காட்டினார். ஒரு சாணுக்கு மேலேயே இருக்கிறது, பயமில்லை என்றார். மூன்றாம் தடவை கேட்டபோது கடலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். ஆட்களோ கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். எண்ணத் தெரியாதவனா இவன் என்று துரைக்குச் சந்தேகம். நாலு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்.

"உம்முடைய மனுசன் நல்லாத்தான் ஓட்டுறார், பிள்ளை. ஒரு நம்பரைச் சொல்லியிருந்தால் காணும். பிழையான நம்பரைச் சொல்லியிருந்தாலும் நான் திருத்திச் சொல்லியிருப்பன்" என்று கிராணியார் பிற்பாடு என்னிடம் அங்கலாய்த்தார்.

6

நான் சண்டை போட்டேன். எட்டாவது படித்தவள் வீட்டில் இப்படியா என்று எனக்கு அவமானம். ஒரு நம்பர், ஒரே ஒரு நம்பர், அதற்காக அப்பாவைப் பார்க்க முடியாமல் போயிற்றே என்று கத்தினேன். தைப்பூசத்து லாஞ்சைச் சொன்னேன். எண்ணியிருந்தால் அந்த ஆளைத் தேடியிருப்பார்களா இல்லையா என்று கேட்டேன்.

"அந்தச் சிராங்கு விளிம்பைப் பார்க்கல" என்றார். "பார்த்திருந்தா ஏத்தியிருக்கவே மாட்டான். யாரையும் தேட வேண்டி வந்திருக்காது."

அதுவும் நியாயம்தான். அதனால் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. இது மூடநம்பிக்கை என்றேன். மாமா பக்கத்தில் நின்று பதினோரு வருஷம் கழி ஊன்றினவன் நான், எனக்கு வாய் வர மாட்டேங்குது பாக்கியம் என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசிக் கேட்டதில்லை.

மறுநாள் பள்ளிக்கூட வேலையாகப் பிறைக்குப் போனேன், இவர் லாஞ்சில்தான். நடுக்கடலில் நானே எண்ணிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். தினமும் காலையில் முப்பத்தேழு பிள்ளைகளை எண்ணி ஆஜர் போடுகிறவள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவள் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. மனத்துக்குள் எண்ணுவதுதான், யாருக்குத் தெரியப் போகிறது? இருந்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் இதை இவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சண்டையும் போடவில்லை.

கரையில் நிற்கும்போதே எண்ணிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை சொன்னேன். இவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் துறையில் ஜனங்கள் வரிசையில் நின்றால்தானே? ஏறுகிறவர் இறங்குவார், வழியனுப்ப வந்தவர் ஏறிவிடுவார். அது நடக்கவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். இவர் சுக்கானில் நின்றார். அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது. ராஜம் என் மடியிலிருந்து இறங்கி நடுவில் நின்றாள். அவள் எண்ணுவது மலாயில்தான். தெருப் பிள்ளைகளோடு பழகி அப்படி வந்துவிட்டது. தமிழில் எண்ணச் சொன்னால் ஆறுக்கு அப்புறம் தடுமாறுவாள்.

சத்து, துவா, தீகா என்று விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தாள். அவள் வாயைப் பொத்தக் கை எழுந்தது. இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கடைசியாக அவரையும் காட்டி, "தூஜோ பிலாஸ்" என்று சிரித்தாள்.

லாஞ்சு திரும்பவில்லை. எஞ்சின் சத்தம் மாறவில்லை. அலையில் ஒரு தடவை தூக்கிப் போட்டது, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் கேட்டார். "என்ன கண்ணு சொன்னே? தமிழ்ல சொல்லு."

அவளுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை. என்னால் முடியவில்லை.

இவரே எங்கள் தலைகளின் மேல் ஒரு தடவை கண்ணை ஓட்டினார். உதடு அசைந்தது. "பதினேழு" என்றார்.

கரையில் இறங்கியபோது ராஜம் ஓடிப்போனாள். நாங்கள் பின்னால் நடந்தோம். அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கொள்ளிடத்தில் அப்பா அந்தக் கழியை மாற்றி ஊன்றிய சத்தம்தான் காதில் இருந்தது. எனக்காக ஓடம் திரும்பியது. என் மகளுக்காகத் திரும்பவில்லை. இனி எங்கள் வீட்டில் யாருக்காகவும் திரும்பாது.

7

ஆனியில் மறுபடி பரீட்சை. அதே துரை, அதே கிராணியார். நடுவழியில் கேட்டதற்கு, "பதினாலு, என்னோட பதினஞ்சு" என்று இவர் உடனே சொல்லியிருக்கிறார். கிராணியார் இங்கிலீஷில் சொல்வதற்கு முன்பே துரைக்குப் புரிந்துவிட்டதாம், இவர் கைவிரல்களையும் காட்டியிருக்கிறார். சிங்க முத்திரை போட்ட காகிதம் வந்தது. அதில் இவர் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். அதைத் திருத்த மூன்று நாள் அலைந்தோம். பிறகு ராவுத்தர் சொன்ன சொல் தவறாமல் மூன்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். ஆவணி முதல் வாரம் கப்பல்.

காகிதம் வந்த அன்று சாயந்திரமே ஊரிலிருக்கும் என் தம்பிக்குக் கடிதம் எழுதினேன். அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். எங்கள் வீட்டுக்கு வரும் கடிதத்தை அவன் வாசிக்க, அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நாலு பக்கம் எழுதினேன். விளக்குகள், ஊதல், பாய்த் தோணி, துரை தலையாட்டியது, எல்லாம் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் துரை கேட்ட கேள்வியையும் இவர் சொன்ன பதிலையும் எழுதினேன். பெருமை எனக்குத் தாங்கவில்லை. போன கப்பலில் அனுப்பிவிட்டேன்.

இன்று மத்தியானம் மூவரும் சித்திரான்னத்தைக் கரையில் வைத்துச் சாப்பிட்டோம். தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ராஜம் சேற்றில் நண்டு பார்க்கப் போனாள். ஊருக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்கு நல்ல கம்பளி, தம்பிக்கு ஒரு பேனா. இவர் கேட்டுக்கொண்டிருந்தார். இலையை மடித்துவிட்டுக் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார்.

"மாமாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடாத பாக்கியம்."

"என்னங்க?"

"நான் எண்ணுறேன்னு."

வேறெதையும் மறைக்க வேண்டாம், சம்பளத்தைச் சொல், பரீட்சையில் முதலில் தவறினதைக்கூடச் சொல், அது மட்டும் வேண்டாம் என்றார். மாமா ஒன்றும் கேட்க மாட்டார். ஆனால் ஊருக்குப் போன மறுநாள் ஓடத்தில் ஏறியதும் கழியை என் கையில் கொடுப்பார். அதை நான் வாங்க வேண்டும் என்றார்.

சரிங்க என்றேன். செம்பில் தண்ணீர் எடுத்து அவர் கையில் ஊற்றினேன்.

கடிதம் இந்நேரம் நாகப்பட்டணத்தில் இறங்கியிருக்கும். நாளையோ மறுநாளோ எங்கள் கொள்ளிடத் துறைக்குப் போய்ச் சேரும். என் கையெழுத்து தெளிவாக இருக்கும். தம்பி ஓர் எழுத்தும் விடாமல் வாசிப்பான்.